லாவெண்டர் இருந்த இடம்

நாத்தனார் நாலு நாளைக்கு முன்னால் வந்து கதவைத் தட்டியதையும், வந்த காரியத்தைச் சொல்லாமல் கால் மணி நேரம் மழையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பதினொரு வருடமாக அண்ணியின் தைலத்தை ‘வாசனைத் தண்ணி’ என்று சொல்லிவந்த வாய் அது. மருந்துக்கடையில் வேலை, அதற்கென்று படித்து வாங்கிய பட்டம், சுவரில் சட்டம் போட்டு மாட்டிய சான்றிதழ். அப்படிப்பட்டவள், ஒன்றரை வயது மகன் சளியில் தூங்காமல் தவிக்கிறான் என்று, “உங்க குழந்தைத் தைலம் ஒண்ணு இருந்தா கொடுங்க அண்ணி” என்று கேட்டே விட்டாள்.

“டாக்டர் மருந்து கொடுத்துட்டுத்தான் இருக்கேன். இது சும்மா, தூக்கத்துக்கு” என்று சேர்த்துக்கொண்டாள். முழுசாக இறங்கி வந்தால் கௌரவம் என்ன ஆவது?

அந்த அண்ணிதான் நம் தைலக்காரி. சின்னப் பாட்டில் ஒன்றை எடுத்து நீட்டினாள். ஜெயித்த சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வருமா என்று கொஞ்ச நேரம் காத்துக்கூடப் பார்த்தாள்.

ஏன் வரவில்லை என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். பதினாறு நாளைக்கு முன் ஊரோடு சேர்ந்து அவளுக்கும் ஃப்ளூ காய்ச்சல் வந்தது. காய்ச்சல் நாலு நாளில் போனது. போகும்போது அவள் மூக்கில் இருந்த வாசனையையும் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. சோப்பு, மழை, கருகிய பால், கணவரின் சட்டை, எதுவும் இல்லை. வாசனையோடு வேறு எதுவோ சேர்ந்து போயிருந்தது. சிரிப்பு வந்தால் பாதியில் நின்றது. கோபம் வந்தால் தொண்டைக்கு வரும்முன்பே ஆறிவிட்டது. வீட்டில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. தைலம் கலக்கிறவளுக்கு வாசனை தெரியவில்லை என்று வெளியில் தெரிந்தால் அப்புறம் யார் வாங்குவார்கள்?

வியாபாரமோ அப்போதுதான் சூடு பிடித்திருந்தது. காய்ச்சல் காலம். தெருவில் இருமாத வீடு இல்லை. பெரியவர்களுக்கு யூகலிப்டஸும் பெப்பர்மிண்டும் கலந்தது, மூக்கைத் திறக்க. கைக்குழந்தைகளுக்கு அதெல்லாம் ஆகாது. அவர்களுக்கு நிறைய பாதாம் எண்ணெயில் நாலே சொட்டு லாவெண்டர். வாங்குகிறவர்களிடம் அவள் தவறாமல் சொல்லிவிடுவாள், “இது காய்ச்சலை விரட்டாது. தூக்கம் வரும், அவ்வளவுதான்.” அந்த நேர்மைக்காகவே வந்தவர்கள் பாதிப் பேர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவள் அலமாரியில் இருக்கும் ஏழு பாட்டிலிலும் பெயர் கிடையாது. எல்லாம் ஒரே அளவு, ஒரே பழுப்பு நிறம். இரண்டு வருடத்துக்கு முன் கற்றுக்கொள்கிறேன் என்று வந்த ஒருத்தி, லேபிளைப் பார்த்து எழுதிக்கொண்டு போய் அடுத்த தெருவிலேயே கடை போட்டாள். அன்று சாயங்காலமே ஏழு லேபிளையும் வெந்நீரில் ஊறவைத்து உரித்துப் போட்டாள் தைலக்காரி. “என் மூக்குதான் இனிமே லேபிள். முடிஞ்சா இதைக் காப்பி அடிக்கட்டும்” என்றாள்.

மூக்கு போன பிறகு கைதான் கணக்கு. இடது ஓரம் லாவெண்டர், அடுத்தது எலுமிச்சை, மூன்றாவது பெப்பர்மிண்ட். கண்ணைக் கட்டி விட்டாலும் கை சரியாகப் போகும். இருமல் இன்னும் விடாததால் முகமூடி போட்டுக்கொண்டுதான் கலந்தாள். பாட்டிலை மூக்கருகே கொண்டுபோவதையும் நிறுத்திவிட்டாள். கொண்டுபோய் ஒன்றும் இல்லாமல் திரும்புவதைவிடக் கொண்டுபோகாமலே இருப்பது தேவலை என்று இருந்தது.

இது வரைக்கும் உங்களுக்குத் தெரிந்தது. இனி இன்றைய காலை.

வேன்காரர் சாவியைக் கையில் சுழற்றிக்கொண்டு வாசல் பக்கம் நின்றார். தைலக்காரியின் கணவர். தினமும் ஆள் ஏற்றி இறக்கும் பன்னிரண்டு இருக்கை வண்டி அவருடையது. நாலு நாளாக அவருக்கும் மூக்கடைப்பு. அந்த வீட்டில் வேலை செய்கிற மூக்கு ஒன்றுகூட இல்லை.

“மேசையெல்லாம் பாரு, மறுபடியும் தூசி” என்றார். “நீ படுத்திருந்தப்போ அந்த அலமாரிய எப்படித் துடைச்சு வச்சேன். ஒரு வார்த்தை சொன்னியா நீ?”

“எந்த அலமாரி?”

“உன் தைல அலமாரிதான். பாட்டிலையெல்லாம் கீழ இறக்கி, ஒவ்வொண்ணாத் துடைச்சு, மேல அடுக்கினேன். இடுப்பு விட்டுப் போச்சு.”

தைலக்காரி துணியை மேசைமேல் வைத்தாள். “எடுத்த இடத்துலயே வச்சீங்களா?”

“எல்லாம் ஒரே பாட்டில்தானே. ஏன், மூடி எதுவும் லூசா விட்டுட்டேனா?”

“இல்ல. நல்லாத் துடைச்சிருக்கீங்க.”

அவர் முகம் மலர்ந்தது. பாராட்டு கிடைத்த கையோடு படியிறங்கினார். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

தைலக்காரி உள்ளே போனாள். இடது ஓரத்துப் பாட்டிலைத் திறந்து, வீம்புக்கு ஒருமுறை மூக்கில் வைத்து இழுத்தாள். மணம் இல்லை. ஆனால் மூக்குக்குள் ஜில்லென்று ஏதோ ஏறியது. ஒரு சொட்டை மணிக்கட்டின் உள்பக்கம் விட்டுத் தேய்த்து ஊதினாள். பனிக்கட்டி வைத்த மாதிரி குளிர்ந்தது. லாவெண்டர் குளிராது. வாசனை போனாலும் தோல் போகவில்லையே, அது சொல்லிவிட்டது. பன்னிரண்டு நாளில் அவள் உடம்பில் உறைத்த முதல் விஷயம் அந்தக் குளிர்தான்.

இந்தப் பன்னிரண்டு நாளில் குழந்தைத் தைலம் ஒன்பது பாட்டில் கலந்திருந்தாள். ஒன்பதிலும் பெப்பர்மிண்ட். ஒன்றரை வயது மூக்குக்குக் கீழே பூசினால் குழந்தைக்கு மூச்சே பிடித்துக்கொள்ளும். இதை அவளே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறாள்.

பதறியிருக்க வேண்டும். வேறு யாராக இருந்தாலும் கையும் ஓடாது, காலும் ஓடாது. இவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுப்பை அணைத்தாள். சன்னல் கொக்கியைப் போட்டாள். நாத்தனாருக்கு போன் அடித்தாள், எடுக்கவில்லை. வேலை நேரத்தில் அவள் போன் மேசை டிராயரில் கிடக்கும். நாத்தனாரின் கணவருக்கு அடித்தாள். அவர் காய்ச்சலோடு வீட்டில் மகனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மணி முழுசாக அடித்து ஓய்ந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள். என்ன பெண் நான், ஓடத் தோன்றவில்லையே என்று ஒரு நினைப்பு வந்தது. அதன் பிறகுதான் ஓடினாள்.

மருந்துக்கடை பத்து நிமிட நடை. நாத்தனார் வீடு அதற்குப் பின் தெரு, கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். கடைக்கு வெளியே வரை வரிசை நின்றது, ஆளுக்கு ஒரு இருமலோடு. நாத்தனார் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இரண்டு முகமூடி போட்டுக்கொண்டு மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தாள். அண்ணியைப் பார்த்ததும் அவள் கண் சிரித்தது.

“வாங்க அண்ணி. உங்களப் பத்தித்தான் இப்போ பேசிட்டிருந்தேன்.” வரிசையைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள். “சொன்னேன்ல, எங்க அண்ணி. இவங்க தைலம்தான். மூணு நாள் யோசிச்சு யோசிச்சு நேத்துதான் தலகாணித் துணியில விட்டேன். பையன் ஆறு மணி நேரம் அசையாம தூங்கினான்.”

வரிசையில் நின்ற தலைகள் திரும்பின. பதினொரு வருடத்தில் நாத்தனார் நாலு பேர் முன்னால் அண்ணியைப் பற்றி நல்லதாக ஒரு சொல் சொன்னது அன்றுதான்.

“மணம் எப்படி இருந்துச்சு?” என்று கேட்டாள் தைலக்காரி.

“எனக்கெங்க தெரியுது, மூக்கு அடைச்சு ஒரு வாரம் ஆச்சு. ஆனா லாவெண்டர், அதுவும் நீங்க கலந்தது, பயமே இல்லன்னு இன்னைக்கு நெஞ்சுலயும் மூக்குக்குக் கீழயும் பூசச் சொல்லிட்டு வந்தேன்.”

தடுப்புக்கு அந்தப் பக்கம் கூப்பிட்டுக் காதோடு சொல்லலாம். அவசரம் என்று வெளியே இழுத்துக்கொண்டுபோய்ச் சொல்லலாம். எதற்கும் நேரம் இல்லை.

“பூச வேண்டாம். அது லாவெண்டர் இல்ல. பெப்பர்மிண்ட். நான் தப்பாக் கலந்துட்டேன்.”

வரிசையில் இருமல்கூட நின்றது. நாத்தனார் அண்ணியை ஒரு பார்வை பார்த்தாள். திட்டவில்லை, எப்படி என்று கேட்கவில்லை. எண்ணிய மாத்திரையை அப்படியே பக்கத்தில் நின்றவளிடம் தள்ளிவிட்டு, வெள்ளைக் கோட்டோடு வெளியே வந்தாள். இருவரும் பின் தெருவுக்கு ஓடினார்கள். வழியில் நாத்தனார் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“எத்தனை சொட்டு?”

“நாலு.”

கதவு வெறுமனே சாத்தியிருந்தது. உள்ளே நாத்தனாரின் கணவர் போர்வைக்குள் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில், எல்லோரும் உருண்டை என்று கூப்பிடுகிற மகன், உட்கார்ந்து அப்பாவின் காலுறையைச் சப்பிக்கொண்டிருந்தான். பாட்டில் மேசைமேல் மூடியோடு இருந்தது.

நாத்தனார் மகனைத் தூக்கி, சட்டையை விலக்கி, நெஞ்சைத் தொட்டுப் பார்த்தாள். பிசுபிசுப்பு இல்லை. கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் முழுசாக அவன் மூச்சை எண்ணினாள். பிறகு தலையணைத் துணியை உருவி வாளியில் போட்டாள். சன்னலைத் திறந்தாள்.

கணவர் எழுந்து உட்கார்ந்து மிரள மிரள விழித்தார். “பூசணும்னுதான் எடுத்து வச்சேன்... கண்ணு சொருகிடுச்சு. இதோ இப்போ பூசிடுறேன்.”

“பூச வேண்டாம். நீங்க தூங்குங்க” என்றாள் நாத்தனார்.

தூங்கியதற்காக அந்த வீட்டில் அவருக்குத் திட்டு விழாத முதல் நாள் அது. என்னமோ ஏதோ என்று பயந்து, அவர் தூங்காமலே கண்ணை மூடிக்கொண்டார்.

நாத்தனார் சமையலறையில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. முகமூடியைக் கீழே இழுத்துவிட்டு, மடியில் மகனோடு, சத்தமில்லாமல் அழுதாள். தைலக்காரி பக்கத்தில் நின்றாள்.

“எப்படி அண்ணி?” என்றாள் நாத்தனார் கடைசியில். “நீங்க மூடியத் திறக்காமலே மோந்து பார்த்துச் சொல்லிடுவீங்களே.”

“எனக்கு வாசனை தெரியல. காய்ச்சலுக்கு அப்புறம் ஒண்ணுமே தெரியல. பன்னிரண்டு நாளாச்சு.”

“அண்ணனுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

நாத்தனார் எழுந்து மகனை நீட்டினாள். ஏன் நீட்டினாள் என்று சொல்லத் தெரியாது. கோபத்தில் இருக்கிற ஒருத்தி செய்கிற காரியம் இல்லை அது. தைலக்காரி அவனை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள். அவன் உச்சந்தலை அவள் மூக்குக்கு நேராக இருந்தது. அங்கேயும் ஒன்றும் இல்லை.

“இவனுக்கு ஒண்ணும் ஆகலன்னு தெரிஞ்சும் எனக்குச் சந்தோஷம் வரலம்மா” என்றாள். “அதுதான் பயமா இருக்கு.”

“வரும். இந்த ஃப்ளூ நிறையப் பேருக்கு அப்படித்தான் செஞ்சிருக்கு. டாக்டர்கிட்ட நான் கூட்டிட்டுப் போறேன்.” நாத்தனார் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்குள் இருந்த மருந்துக்கடைக்காரி திரும்பி வந்துவிட்டாள். “இன்னும் யார் யார் கையில இருக்கு?”

“எட்டு பாட்டில்.”

“கூப்பிடுங்க. கலவையில ஏதோ கோளாறு, தூக்கிப் போடுங்கன்னு மட்டும் சொல்லுங்க. மூக்கு விஷயத்தை எடுக்காதீங்க. பேர் கெட்டா திரும்பக் கட்ட முடியாது.”

பதினொரு வருடம் தைலத்தைக் குத்திக் காட்டியவள், இப்போது அந்தத் தைலத்தின் பேரைக் காப்பாற்ற வழி சொல்கிறாள். தைலக்காரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“கோளாறுன்னு மட்டும் சொன்னா, மணம் நல்லாத்தானே இருக்குன்னு பாதிப் பேர் வச்சிருப்பாங்க” என்றாள். போனை எடுத்தாள்.

ஒவ்வொருவரிடமும் அதே வார்த்தைகள். “நான் தைலக்கார அக்கா பேசுறேன். எனக்கு வாசனை தெரியாமப் போச்சு. தெரியாமலே கலந்து கொடுத்துட்டேன். குழந்தைகிட்ட அதைக் கொண்டு போகாதீங்க.” முதல் தடவை நாக்கு ஒட்டிக்கொண்டது. மூன்றாவது தடவையில் ரேஷன் கடை வரிசையில் பேசுகிற மாதிரி சாதாரணமாக வந்தது. ஒருத்தி, “உடம்பப் பாத்துக்கோங்கக்கா” என்றாள். ஒருத்தி, முன்பே காரமாக இருந்தது என்று மூடி வைத்திருந்தாளாம். இன்னொருத்தி, “பச்சப் புள்ளைங்க விஷயத்துல இப்படியா விளையாடுவீங்க” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் வைத்தாள். நியாயமான கேள்விதான்.

ஏழு பேர் எடுத்தார்கள். ஏழு பாட்டில் மூடியாயிற்று. மிச்சம் ஒன்று. அதை அவள் யாருக்கும் விற்கவில்லை. நேற்று மேசைமேல் இருந்தது, இன்று காலை இல்லை. வீட்டில் இருப்பதோ இரண்டே பேர்.

வேன்காரரின் போன் நாலாவது மணியில் எடுபட்டது. வண்டியை ஓரம் கட்டும் சத்தம் கேட்டது.

“மேசை மேல ஒரு பாட்டில் இருந்துச்சே, நீங்க எடுத்தீங்களா?”

“ஆமா, சொல்ல மறந்துட்டேன். நேத்து சாயங்காலம் ஒரு பொண்ணு கைக்குழந்தையோட ஏறினா. அது மூச்சு விட முடியாம முனகிட்டே வந்துச்சு. மதியம் சாப்பிட வந்தப்போ எடுத்து வச்சிருந்தேன், யாருக்காவது ஆகும்னு. எங்க வீட்டம்மா கலந்ததுன்னு கொடுத்தேன்.” அவர் குரலில் பெருமை இருந்தது.

தைலக்காரி சொன்னாள். எட்டாவது தடவையாகச் சொன்னாள். இந்தத் தடவை மட்டும் நடுவில் இரண்டு முறை நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

அந்தப் பக்கம் வண்டியின் விளக்கு விட்டுவிட்டு எரிகிற டிக் டிக் சத்தம் மட்டும் கேட்டது.

“நான் துடைச்சு வச்சதாலயா?”

“இல்லங்க. லேபிள உரிச்சது நான். மூக்கு போனத மறைச்சதும் நான்.”

“பன்னிரண்டு நாளா, நான் டீ போட்டுக் கொடுக்கும்போதெல்லாம் நல்ல வாசனைன்னு சொன்னியே.”

“உங்க முகத்தப் பாத்துச் சொன்னேன்.”

மறுபடியும் டிக் டிக். “என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொல்லி அழணும்னு இருந்தேன். அழுகையே வரல. அழாம அத எப்படிச் சொல்றதுன்னு தெரியல.”

அவர் விளக்கை அணைத்தார், டிக் டிக் நின்றது.

“அந்தப் பொண்ணு எங்க இறங்கினா?” என்று கேட்டாள் தைலக்காரி.

“பழைய நூல் ஆலை ஸ்டாப்புல. வீடு தெரியாது. எந்தப் பக்கம் நடந்தான்னுகூடப் பாக்கல.”

“குழந்தைக்கு எத்தனை மாசம் இருக்கும்?”

“கழுத்து நிக்கல.”

நாத்தனார் அதைக் கேட்டுவிட்டாள். மகனை வாங்கிக் கணவரின் போர்வைக்குள் விட்டுவிட்டு, முகமூடியை மறுபடியும் மேலே இழுத்துவிட்டாள்.

“தெருமுனையில நில்லு. ஆளுங்கள இறக்கிவிட்டுட்டுப் பத்து நிமிஷத்துல வர்றேன்” என்றார் வேன்காரர்.

பத்து நிமிடத்தில் வந்தார். கதவைத் திறந்துவிட்டு, கணவரும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கேட்க வேண்டியது நிறைய இருந்தது. எதையும் கேட்காமல் அவர் வண்டியை எடுத்தார். பின் இருக்கையில் நாத்தனார், அவசரத்துக்கு எந்த ஆஸ்பத்திரி பக்கம் என்று போனில் விசாரித்துக்கொண்டே வந்தாள்.

நூல் ஆலை ஸ்டாப்பில் இறங்கினார்கள். எதிரே மூன்று சந்துகள். ஒவ்வொன்றிலும் ஒட்டி ஒட்டி முப்பது நாற்பது வீடுகள், எல்லாம் ஒரே மாதிரி, ஒன்றிலும் பெயர்ப் பலகை கிடையாது. மதிய வெயிலில் கொடிகளில் துணி காய்ந்தது. குழந்தைத் துணி மட்டுமே நாலைந்து வீட்டுக் கொடியில் தெரிந்தது.

“ஆளுக்கு ஒரு சந்து” என்றாள் நாத்தனார்.

தைலக்காரி நடுச் சந்துக்குள் நடந்தாள். முதல் வீட்டுக் கொடியில் உள்ளங்கை அகலத்தில் ஒரு சட்டை தொங்கியது. கதவைத் தட்டினாள். உள்ளே சத்தம் இல்லை. மறுபடியும் தட்டக் கையை ஓங்கியபோதுதான் அந்தக் கை நடுங்குவதைப் பார்த்தாள். கையோடு நெஞ்சும் அடித்துக்கொண்டது. வந்துவிட்டது, பன்னிரண்டு நாள் கழித்து, பயம். அதை அடக்காமல், இரண்டு கையாலும் கதவைத் தட்டினாள்.